ஆகஸ்ட் எத்தனையாவது மாதம்?

கம்ப்யூட்டரில் நாம் அடிக்கடி கொடுக்கும் தகவல்களில் ஒன்று தேதி. ரயில் டிக்கெட் பதிவு செய்தாலும், பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பினாலும், திரையில் ஒரு சிறிய காலண்டர் திறக்கிறது. மவுஸால் ஒரு தேதியைக் கிளிக் செய்கிறோம். பெட்டிக்குள் அந்தத் தேதி வந்து உட்கார்ந்துவிடுகிறது. வேலை முடிந்தது என்று அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறோம்.

உண்மையில் வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. நீங்கள் கிளிக் செய்த தேதி அந்தக் காலண்டர் பெட்டியிலிருந்து புரோகிராமுக்குப் போகிறது. அங்கிருந்து ஃபைலுக்குப் போகிறது. பிறகு ஒரு நாள் ஃபைலிலிருந்து மறுபடியும் திரைக்கு வருகிறது. இப்படிக் கை மாறும்போது ஒவ்வொரு கையும் மாதத்தை ஒரே மாதிரி எண்ணுவதில்லை. அதனால் என்ன ஆகும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரி செய்வது என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். கடைசிப் பகுதி அவர்களுக்காகவே.

ஒரு நாள், இரண்டு எண்

என் சொந்த ஊர் கொல்லிமலையில் உள்ள வளப்பூர் நாடு. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் வந்தவர்களுக்கு எங்கள் ஊரைத் தெரிந்திருக்கும். ஆடிப் பெருக்கு அன்று இங்கே கூட்டம் அலைமோதும். செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழாவும் ஆடி 17, 18 தேதிகளில்தான். 2025-ல் ஆடி 18, ஆகஸ்ட் 3-ம் தேதி வந்தது.

சித்திரையிலிருந்து எண்ணினால் ஆடி நான்காவது மாதம். ஆகவே அந்த நாளை "4-வது மாதம், 18-ம் நாள்" என்று எழுதினால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அது சரி. அதே சீட்டை ஆங்கில மாதக் கணக்கு வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்தால் அவர் ஏப்ரல் 18 என்று படிப்பார். எழுதியவரும் தப்புச் செய்யவில்லை, படித்தவரும் தப்புச் செய்யவில்லை. எண் மட்டும் கை மாறியது, அது எந்தக் கணக்கின் எண் என்பது கூடவே போகவில்லை.

கம்ப்யூட்டருக்குள் நடப்பதும் இதேதான். இங்கே வித்தியாசம் மூன்று மாதம் அல்ல, ஒரே ஒரு மாதம். அதனால் கண்ணில் படுவதும் கடினம்.

டூல்கிட் என்றால் என்ன?

வீடு கட்டுபவர் ஒவ்வொரு ஜன்னலையும் தானே செதுக்குவதில்லை. கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் ஜன்னலை வாங்கிச் சுவரில் பொருத்துகிறார். புரோகிராம் எழுதுபவரும் அப்படித்தான். பட்டன், எழுதும் பெட்டி, மெனு, காலண்டர் பெட்டி எல்லாம் ரெடிமேடாகக் கிடைக்கின்றன. இவற்றின் தொகுப்பைத்தான் ஜியூஐ டூல்கிட் என்கிறோம். அதாவது, திரையில் தெரியும் உறுப்புகளைச் செய்து தரும் கருவிப் பெட்டி.

கணக்குப் போடுவது, ஃபைலில் சேமிப்பது போன்ற வேலைகளைச் செய்வது புரோகிராமிங் மொழி. டூல்கிட் ஒருவர் செய்தது, மொழி இன்னொருவர் செய்தது. இரண்டும் தேதியை வைத்துக்கொள்ளத் தனித்தனிப் பாத்திரம் வைத்திருக்கின்றன. புரோகிராமர்கள் இந்தப் பாத்திரத்தை 'டேட் டைப்' என்பார்கள்.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்ளும் ஜோடி பைத்தான் மொழியும் டபிள்யூஎக்ஸ்பைத்தான் டூல்கிட்டும். பைத்தானை உருவாக்கியவர் கைடோ வான் ராசம். முதல் வெளியீடு 1991-ல் வந்தது. தேதிகளைக் கையாளும் 'டேட்டைம்' பகுதி 2003-ல் பைத்தான் 2.3-ல் சேர்ந்தது. டபிள்யூஎக்ஸ் டூல்கிட்டை 1992-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் ஆரம்பித்தார். அது வேறொரு மொழியான சி++ மொழியில் எழுதப்பட்டது. அதைப் பைத்தானில் பயன்படுத்தும்படி ராபின் டன் செய்து தந்ததுதான் டபிள்யூஎக்ஸ்பைத்தான். இரண்டுமே இலவசம்.

எட்டு எப்படி ஏழாகிறது?

பைத்தானின் தேதிப் பாத்திரத்தில் ஜனவரிக்கு எண் 1, டிசம்பருக்கு எண் 12. நாம் எண்ணுவது போலவேதான்.

டபிள்யூஎக்ஸ் பாத்திரத்தில் ஜனவரிக்கு எண் 0, டிசம்பருக்கு எண் 11. நாளும் வருடமும் மட்டும் வழக்கம் போல.

இப்பொழுது காலண்டர் பெட்டியில் 2025 ஆகஸ்ட் 3-ஐக் கிளிக் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புரோகிராம் அந்தப் பெட்டியிடம் வருடம் என்ன, மாதம் என்ன, நாள் என்ன என்று கேட்கிறது. 2025, 7, 3 என்று பதில் வருகிறது. இந்த மூன்று எண்களையும் அப்படியே பைத்தானிடம் கொடுத்தால் அது 2025 ஜூலை 3 என்று எடுத்துக்கொள்ளும். எந்த எச்சரிக்கையும் வராது. ஏனென்றால் ஜூலை 3 என்பதும் ஒரு நல்ல தேதிதானே!

ஜனவரித் தேதியைக் கொடுத்தால் மட்டும் கதை வேறு. மாதம் 0 என்று வரும். பைத்தானுக்கு 0 என்று ஒரு மாதமே கிடையாது. உடனே பிழை என்று சொல்லி நின்றுவிடும். மார்ச் 31-ஐக் கொடுத்தாலும் நிற்கும், ஏனென்றால் அது பிப்ரவரி 31 ஆகிவிடுகிறது. மே 31, ஜூலை 31, அக்டோபர் 31, டிசம்பர் 31 ஆகியவையும் அப்படியே. மற்ற பெரும்பாலான நாட்களில் சத்தமே இல்லாமல் ஒரு மாதம் பின்னால் போய்விடும்.

ஒரு மகளிர் குழுவின் கணக்கு

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு மகளிர் சுய உதவிக் குழு. உறுப்பினர்கள் மாதா மாதம் சேமிப்புக் கட்டுகிறார்கள், குழுவிலிருந்து உள்கடன் வாங்குகிறார்கள், தவணை தேதிக்குள் திருப்பிக் கட்டுகிறார்கள். தாமதமானால் சிறு அபராதம். இந்தக் கணக்குக்காக, எனக்குத் தங்கை முறையாகும் ஒரு கல்லூரி மாணவி பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தாள். அழகாகத்தான் எழுதியிருந்தாள்.

2025 ஆகஸ்ட் 5-ம் தேதி குழுவின் நிலுவைப் பட்டியலை அச்சிட்டபோது ஓர் உறுப்பினரின் பெயர் அதில் இருந்தது. அவருடைய தவணை செப்டம்பர் 3-ம் தேதிதான். "இன்னும் ஒரு மாசம் இருக்கு, அதுக்குள்ள நான் எப்படிப் பாக்கிக்காரி ஆனேன்?" என்று அவர் கேட்க, கூட்டத்தில் பேச்சு தடித்துவிட்டது. ஆடிப் பெருக்குக்கு ஊருக்கு வந்திருந்த என்னைக் குழுச் செயலாளர் கூப்பிட்டார். "தம்பி, மிஷின் சொல்றதை நம்புறதா, மனுஷி சொல்றதை நம்புறதா?" என்றார். "கொஞ்சம் பொறுங்க அக்கா, பார்த்துச் சொல்றேன்" என்று உட்கார்ந்தேன்.

திரையில் அந்த உறுப்பினரின் விவரத்தைத் திறந்தால் தவணை செப்டம்பர் 3 என்று சரியாக இருந்தது. அச்சில் மட்டும் ஆகஸ்ட் 3. ஒரே புரோகிராம், ஒரே ஆள், இரண்டு தேதி!

"வேற ஏதாவது கோளாறு இருந்துச்சா அக்கா?" என்று கேட்டேன். ஜனவரி மாதம் முழுவதும் சேமி என்ற பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை என்றும், அந்த மாதக் கணக்கை நோட்டில் எழுதி வைத்திருப்பதாகவும் சொன்னார். ஜனவரி என்றதுமே விஷயம் விளங்கிவிட்டது. டபிள்யூஎக்ஸ்பைத்தானில் பட்டனை அழுத்தும்போது பிழை ஏற்பட்டால், அந்தச் செய்தி பின்னால் இருக்கும் கன்சோல் விண்டோவுக்குப் போகும். அந்த விண்டோ இல்லாமல் புரோகிராமை இயக்கினால் பயனாளருக்கு ஒன்றும் தெரியாது.

டேட்டா ஃபைலை நோட்பேடில் திறந்து பார்த்தேன். 2025-08-03 என்று இருந்தது. காலண்டரில் கிளிக் செய்த செப்டம்பர், ஃபைலுக்குப் போகும்போது ஆகஸ்ட் ஆகியிருந்தது.

அப்படியானால் திரையில் எப்படிச் சரியாகத் தெரிந்தது? ஃபைலிலிருந்து திரைக்கு வரும்போது அதே பிழை எதிர்த் திசையில் நடந்தது. பைத்தான் 8 என்று கொடுத்தது. டபிள்யூஎக்ஸ் கணக்கில் 8 என்றால் செப்டம்பர். போகும்போது ஒன்று குறைந்தது, வரும்போது ஒன்று கூடியது. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று மறைத்துவிட்டன. அதனால்தான் மாதக் கணக்கில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆனால் நிலுவைப் பட்டியலைத் தயாரிக்கும்போது புரோகிராம் ஃபைலில் உள்ள தேதியை இன்றைய தேதியோடு ஒப்பிடுகிறது. இன்றைய தேதியைத் தருவது பைத்தான், அது சரியான தேதி. ஒரு பக்கம் சரி, ஒரு பக்கம் ஒரு மாதம் குறைவு. ஆகஸ்ட் 3 கடந்துவிட்டது, ஆகவே பாக்கி என்று முடிவு கட்டிவிட்டது.

அபராதம் சில ரூபாய்தான். ஆனால் பத்துப் பன்னிரண்டு பேர் நம்பிக்கையில் நடக்கும் குழுவில் பாக்கிக்காரர் என்று பெயர் வருவது சின்ன விஷயம் அல்ல. வங்கிக்குப் போகும் பட்டியலிலும் அதே பெயர்தான் போகும்.

பூஜ்யத்தில் ஏன் ஆரம்பிக்கிறார்கள்?

இது யாரோ கவனக்குறைவாகச் செய்தது அல்ல. பழைய சி மொழியிலிருந்து வந்த வழக்கம். சி மொழியின் நேரப் பாத்திரத்தில் மாதம் 0 முதல் 11 வரை, நாள் 1 முதல் 31 வரை. வருடமோ 1900-லிருந்து எத்தனை வருடம் என்ற கணக்கு. சி மொழியில் எந்தப் பட்டியலிலும் முதல் இடத்தின் எண் 0. மாதப் பெயர்களை ஒரு பட்டியலாக வைத்தால் ஜனவரி 0-வது இடத்தில் இருக்கும். மாத எண்ணைக் கொடுத்தால் நேராகப் பெயரை எடுத்துவிடலாம், வசதிதானே! நாட்களுக்குப் பெயர்ப் பட்டியல் தேவையில்லை, அதனால் நாள் 1-லேயே ஆரம்பிக்கிறது.

ஜாவாவின் பழைய தேதி வசதியும், 1995-ல் வந்த ஜாவாஸ்கிரிப்ட்டும் இதே வழக்கத்தைப் பின்பற்றின. ஜாவாவில் 2014-ல் 8-ம் பதிப்பு வந்தபோது மாதத்தை 1-லிருந்து எண்ணும் புதிய தேதி வசதி சேர்க்கப்பட்டது. ஜாவாஸ்கிரிப்ட்டின் தேதிப் பாத்திரத்தில் இன்றும் ஜனவரி 0-தான். க்யூட்டி என்ற இன்னொரு பிரபலமான டூல்கிட்டில் மாதம் 1-லிருந்தே ஆரம்பிக்கிறது. ஆக, எந்தப் பாத்திரம் எங்கிருந்து எண்ணுகிறது என்பதை ஊகிக்கக் கூடாது. அதன் கையேட்டைப் பார்த்துவிட வேண்டும்.

சரி செய்வது எப்படி?

வழி மிக எளிது. காலண்டர் பெட்டியிலிருந்து பைத்தானுக்குப் போகும்போது மாதத்தோடு 1 கூட்ட வேண்டும். பைத்தானிலிருந்து பெட்டிக்கு வரும்போது 1 கழிக்க வேண்டும். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, இந்தக் கூட்டல் கழித்தலைப் புரோகிராமில் கண்ட இடத்தில் எல்லாம் எழுதக் கூடாது. போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என இரண்டே இரண்டு ஃபங்ஷன்கள் எழுதி, எல்லாத் தேதியும் அந்த வழியாகவே போய் வரும்படி செய்ய வேண்டும். மலைக்கு வரும் வண்டிகளை அடிவாரச் சோதனைச்சாவடியிலேயே பார்த்துவிட்டால் ஒவ்வொரு வளைவிலும் நிறுத்திப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா, அதைப் போல. டபிள்யூஎக்ஸ்பைத்தான் 4-ல் இந்த இரண்டும் ரெடிமேடாகவே இருக்கின்றன. ஒன்றின் பெயர் 'டபிள்யூஎக்ஸ்டேட்2பைடேட்', மற்றது 'பைடேட்2டபிள்யூஎக்ஸ்டேட்'. க்யூட்டியைப் பைத்தானில் பயன்படுத்துபவர்களுக்குப் பைக்யூட்டியில் 'டுபைடேட்' இருக்கிறது.

இரண்டாவது, இரண்டு திசைகளையும் ஒரே சமயத்தில் திருத்த வேண்டும். போகும் வழியை மட்டும் திருத்தினால் ஃபைலில் செப்டம்பர் சரியாக இருக்கும், திரையில் அக்டோபர் என்று காட்டும்.

மூன்றாவது, ஏற்கெனவே சேமித்த பழைய தேதிகள். புரோகிராமைத் திருத்திவிட்டால் அவை தானாகத் திருந்திவிடாது. முதலில் டேட்டா ஃபைலைக் காப்பி எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு காலண்டர் பெட்டி வழியாக வந்த தேதிகளுக்கு மட்டும் ஒரு மாதம் கூட்ட வேண்டும். பதிவு செய்த நாள் என்று பைத்தான் தானாகப் போட்ட தேதிகள் சரியாகவே இருக்கும், அவற்றைத் தொடக் கூடாது. மகளிர் குழுவின் ஃபைலில் கடன் வாங்கிய தேதி, தவணை தேதி ஆகிய இரண்டு கட்டங்களை மட்டுமே மாற்றினோம். நல்ல வேளையாக, இந்தப் பிழையில் எந்தத் தகவலும் அழிவதில்லை. ஒன்றைக் கூட்டினால் கொடுத்த தேதி அப்படியே திரும்பக் கிடைத்துவிடும். நோட்டில் இருந்த ஜனவரிக் கணக்கையும் அன்றே ஏற்றிவிட்டோம். அடுத்த பட்டியலை அச்சிட்டபோது அந்த உறுப்பினரின் பெயர் இல்லை. போட்டிருந்த அபராதத்தையும் குழு ரத்து செய்தது.

இன்னும் இரண்டு பள்ளங்கள்

காலண்டர் பெட்டியை நிரப்பாமல் காலியாக விட்டால் டபிள்யூஎக்ஸ் 'செல்லாத தேதி' ஒன்றைத் தரும். அதை மாற்றும் முன் செல்லுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன ரெடிமேட் ஃபங்ஷன், செல்லாத தேதியாக இருந்தால் பைத்தானின் 'நன்' என்ற வெறுமையைத் தந்துவிடும். அதற்கும் புரோகிராமில் இடம் வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று நேர வித்தியாசம். சிலர் தேதியை, 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை விநாடி என்ற எண்ணாக மாற்றிக் கொண்டுபோவார்கள். அந்த எண் கிரீன்விச் நேரப்படி. நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. நம் ஆகஸ்ட் 3 நள்ளிரவு 12 மணி அங்கே ஆகஸ்ட் 2 மாலை 6.30. மறுமுனையில் கிரீன்விச் கணக்கிலேயே படித்தால் ஒரு நாள் குறைந்துவிடும். பிறந்த நாள், தவணை நாள் போன்றவற்றுக்கு மணியே தேவையில்லை. வருடம், மாதம், நாள் என்று மூன்றை மட்டும் எடுத்துப் போவதே நல்லது.

புரோகிராம் எழுதாதவர்கள் என்ன செய்யலாம்?

உங்களிடம் தேதி கேட்கும் புரோகிராம் ஏதாவது இருக்கிறதா? கடைக் கணக்கு, சீட்டுக் கணக்கு, பால் கணக்கு எதுவாக இருந்தாலும் சரி. உண்மையான கணக்கை ஏற்றும் முன் ஐந்து நிமிடம் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

1. ஜனவரி 15, மார்ச் 31, டிசம்பர் 31, 2024 பிப்ரவரி 29 ஆகிய நான்கு தேதிகளைக் கொடுத்துச் சேமியுங்கள். எதையாவது ஏற்க மறுத்தாலோ, பட்டனை அழுத்தியும் ஒன்றும் நடக்காவிட்டாலோ சந்தேகப்படுங்கள்.

2. திரையில் திரும்பப் பார்த்தது மட்டும் போதாது. அச்சிட்டுப் பாருங்கள், அல்லது டேட்டாவை ஃபைலாக எடுத்து நோட்பேடில் திறந்து பாருங்கள். கொடுத்த தேதிதான் அங்கேயும் இருக்கிறதா?

3. நாளைய தேதியைக் கெடு தேதியாக வைத்து ஒரு பொய்க் கணக்கு ஏற்றுங்கள். நிலுவைப் பட்டியலில் அது வரக் கூடாது. வந்தால் எங்கோ தவறு. சோதனை முடிந்ததும் பொய்க் கணக்குகளை அழித்துவிடுங்கள்.

4. 03/08/2025 என்று எழுதினால் நமக்கு ஆகஸ்ட் 3, அமெரிக்க முறையில் மார்ச் 8. விண்டோஸில் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதியில் ரீஜன் அமைப்பு இந்தியா என்று இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க அமைப்பில் உள்ள எக்செலில் இத்தகைய ஃபைலைத் திறந்தால் 25/08 போன்ற தேதிகள் வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். 03/08 போன்றவை தப்பான தேதியாக மாறி வலப்பக்கம் நிற்கும். ஒரே வரிசையில் சில இடப்பக்கமும் சில வலப்பக்கமும் நின்றால் அதுவே எச்சரிக்கை.

5. நீங்களே ஃபைலில் தேதி எழுதுவதானால் 2025-08-03 என்று வருடம், மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள். இது ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தர முறை, 1988-ல் வெளியானது. நாள், மாதம் குழப்பம் வராது. வரிசைப்படுத்தினாலும் காலவரிசையிலேயே நிற்கும்.

கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்து மனிதர்களைச் சந்தேகிப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. யாராவது "நான் சொன்ன தேதி அதுவல்ல" என்று சொன்னால், அவரிடம் வாக்குவாதம் செய்யும் முன் ஒரு முறை ஃபைலைத் திறந்து பாருங்கள். புரோகிராம் எழுதப் பழகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், மகளிர் குழுவுக்கு எழுதிய அந்த மாணவி இப்போது செய்வது போல, புதிய புரோகிராமில் முதலில் ஜனவரித் தேதி ஒன்றைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.